காத்தாயி பிறந்த வீட்டுக்குப் போன நாள்

அண்டாப்பள்ளத்துக்குக் காற்று வந்தது ஒரு தூக்குச்சட்டியில். அந்தத் தூக்குச்சட்டி சீனியம்மாவுடையது இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கும் புருசனுடைய அக்கா வெள்ளத்தாயிடம் இரவல் வாங்கியது. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கும் ஆகாது, வாங்கின வீட்டுக்கும் ஆகாது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை நினைத்து நெஞ்சு படபடக்கிற அளவுக்குப் பயந்தவள் சீனியம்மா ஒருத்திதான்.

முதலில் ஊரைச் சொல்லிவிட வேண்டும். மூன்று பக்கம் கரடு, நாலாவது பக்கம் ஊதல்மலை, நடுவில் அண்டாவின் அடியைப் போல ஊர். மலை உச்சியில் ஆளையே தள்ளிவிடும் காற்று. ஊருக்குள்ளோ விளக்குச் சுடர் ஆணி அடித்த மாதிரி நிற்கும், அடுப்புப் புகை கயிறு மாதிரி நேரே மேலே போகும், வேப்பிலை எந்தக் கொம்பில் உதிர்ந்ததோ அதற்கு நேர் கீழேதான் விழும், திருவிழாக் கொடி ஏற்றின அன்றைக்கு எப்படித் தொங்கியதோ இறக்குகிற அன்றைக்கும் அப்படியே தொங்கும். இப்படிப்பட்ட ஊரில் என்ன தொழில் செய்ய முடியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அப்பளம் போட முடியும். மெலிசாகத் தேய்த்துப் பாயில் பரப்பின அப்பளம் பறக்கக் கூடாது, புரளக் கூடாது, ஓரம் சுருளக் கூடாது. அதற்கு அண்டாப்பள்ளத்தை விட்டால் வானத்துக்குக் கீழே வேறு இடமில்லை. தெருவெல்லாம் பாய், பாயெல்லாம் அப்பளம். உளுந்து மாவு எழும்பின இடத்திலேயே தூசியாக நின்றது, நின்றதை ஊர் சனங்கள் மூச்சாக இழுத்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சீனியம்மாவின் மகள் பாண்டீஸ்வரிக்கு மட்டும் பிறந்த வருசத்திலிருந்தே இளைப்பு.

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வாசலில் கோலம் போட்டால் இளைக்கும், வெந்நீர் அண்டாவை நகர்த்தினால் இளைக்கும், சிரித்தால் இளைக்கும். நெஞ்சுக்குள் விரிசல் விட்ட ஊதலை யாரோ ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, மற்றவர்கள் சொல்வது பாதி சீனியம்மாவின் காதில் விழாமலே போனது. காத்தோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கம்மா என்று டாக்டர் சொன்னார். புருசன் மொக்கராசுக்கு மாவு மில்லில் வேலை, அவளுக்கு அப்பளக் கொட்டகையில் வேலை. காத்தோட்டத்துக்கு எங்கே போக?

பங்குனியில் ஒரு நாள் உலக்கைக்கு ஓய்வு. கொட்டகைப் பெண்கள் எல்லோரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஊதல்மலை ஏறுவார்கள். மேலே கோயில் கிடையாது, சாமி கிடையாது, பரப்பின பாய் மாதிரி ஒரு மொட்டைப் பாறையும் அதன்மேல் காற்றும்தான். அந்தக் காற்றில் நின்று, கூந்தலை அவிழ்த்து விட்டு, வருசம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்ததைக் கத்திவிட்டு, சாயங்காலம் இறங்கி வருவார்கள். போன பங்குனியில் சீனியம்மாவும் போனாள், மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தோமே, இளைத்தால் யார் நெஞ்சைத் தேய்த்து விடுவார்கள் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு. உச்சியில் சாப்பிட்டு முடித்தபோது மதினி வெள்ளத்தாயின் தூக்குச்சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது எதையாவது போட்டுக் கொடுக்க வேண்டுமே! ஒரு பூ, ஒரு பச்சிலை, ஒரு காய் தேடினாள். மொட்டைப் பாறையில் என்ன இருக்கும்? வீட்டுக்குப் போய் ஒரு கை அரிசி போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. வாசலிலேயே மதினி நின்றுகொண்டு பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. கடைசியில் யாரும் பார்க்காத நேரம் சட்டியைக் காற்றுக்கு நேராகப் பிடித்து, உள்ளே ஏதோ திரும்பிப் படுக்கிற மாதிரி இருந்ததும், டக்கென்று மூடியைப் போட்டு முந்தானையால் கட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்று இருக்கிறது, வெறும் சட்டி இல்லை என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அவள் பயந்தபடியே வெள்ளத்தாய் வாசலில் நின்றாள், பிடுங்கினாள், உள்ளே கொண்டுபோய்த் திறந்தாள். திறந்ததும் அவள் முந்தானை உத்தரம் வரைக்கும் எழும்பியது, தினசரிக் காலண்டர் பங்குனியிலிருந்து ஐப்பசிக்குப் போனது, முற்றத்தில் காய்ந்த அப்பளம் அத்தனையும் புறாக் கூட்டம் மாதிரி கிளம்பி ஓட்டுக்கு மேலே போனது.

"ஏ சீனி! என்னத்தத்தான் போட்டுக் குடுத்த?"

"ஒன்னுமில்ல மதினி… வெறுஞ்சட்டியாக் குடுக்கக் கூடாதேன்னு…"

"அதுக்கு? காத்தையா போட்டுக் குடுப்பாக?"

"வேற ஒன்னும் கெடைக்கல மதினி."

வெள்ளத்தாய் சுவரின் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தலைமயிர் நாலு பக்கமும் நின்றது. "சரி, பாத்திரத்துல வந்ததை வேணாம்னு சொல்லக் கூடாது. ஆனா நல்லாயிருப்ப, அடுத்த தடவை ரெண்டு வெத்தலையப் போடு."

ஒரு காற்று எப்படித் தூக்குச்சட்டிக்குள் அடங்கியது என்று அண்டாப்பள்ளத்தில் யாரும் கேட்கவில்லை. இது யார் வீட்டுக் காற்று, எங்கே படுக்கும், என்ன சாப்பிடும் என்றுதான் கேட்டார்கள். முதல் வாரம் ஊரே ஓடிக்கொண்டிருந்தது, அப்பளத்துக்குப் பின்னால். அப்பளம் கோயில் கோபுரத்தில் இருந்தது, கிணற்றுக்குள் மிதந்தது, பூசாரி கண்ணை மூடி மந்திரம் சொல்லும்போது வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது. கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மில்லுக்குள் வைத்துப் பூட்டலாம் என்றார் மொக்கராசு. மறுபடியும் சட்டியில் அடைத்து மண்ணில் புதைக்கலாம் என்றார் இன்னொருவர். கொட்டகையில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பஞ்சவர்ணம் எழுந்து, "ஏன், நம்ம வீட்டுக்கு வந்த பொம்பளப் புள்ளைய அப்படித்தான் பண்ணுவீகளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு காற்று பெண்ணாகிவிட்டது, பெண் என்றதும் காத்தாயி என்று பெயராகிவிட்டது, பெயர் வைத்த பிறகு புதைக்க முடியுமா?

ஆகவே ஊர்தான் மாறிக்கொண்டது. ஒவ்வொரு அப்பளத்தின் மேலும் ஒரு புளியங்கொட்டையைக் கனத்துக்கு வைத்தார்கள். காய வைத்து எடுத்தபோது அப்பளத்தின் நடுவில் கன்னக்குழி மாதிரி ஒரு குழி விழுந்திருந்தது. இது வியாபாரத்துக்கு ஆகாது என்று சீனியம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் குழியில் பாயசம் ஊற்றிச் சாப்பிடலாம் என்று வெளியூரில் எவனோ ஒரு பந்திக்காரன் கண்டுபிடித்துவிட, கல்யாண வீடுகளில் குழியப்பளம் இல்லாத இலை இலையே இல்லை என்றாகிவிட்டது.

காத்தாயிக்குச் சோறு கொதிக்கிற வாசனை பிடிக்கும். மேசை விசிறி போட்டால் கோபித்துக்கொண்டு கூரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். துணி உலர்த்துகிற நாளில் இன்றைக்கு எங்கள் வீட்டு முறை, இல்லை எங்கள் வீட்டு முறை என்று பெண்கள் கொடிக்கயிற்றுக்குக் கீழே சண்டை போட்டார்கள். ஒரு தெரு அடுப்படியில் பேசினதை அது அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டதால், மாமியார்கள் மெதுவாகத் திட்டப் பழகினார்கள், இரண்டு கல்யாணம் தரகர் இல்லாமலே முடிந்தது. கோயில் கொடி முதல் தடவையாக அசைந்த அன்று, அதில் சிங்கம் போட்டிருப்பதை ஊர் அப்போதுதான் பார்த்தது. அதுவரைக்கும் எல்லோரும் மாடு என்றே நினைத்திருந்தார்கள்.

ஆனால் காத்தாயி எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்தது பாண்டீஸ்வரியிடம்தான். வந்த முதல் சாயங்காலமே, இளைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் நெஞ்சில் வந்து கன்றுக்குட்டி மாதிரி முட்டியது. அப்புறம் பிரியவே இல்லை. அவள் நடந்தால் கூடவே சரசரவென்று நடந்தது, உட்கார்ந்தால் பாவாடை ஓரத்தில் சுருண்டது, அவள் இழுக்கிற மூச்சுக்கு முன்னால் போய் மாவுத் தூசியை விலக்கி வழி விட்டது. வைகாசியில் பாண்டீஸ்வரி பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். ஆடியில் மாவு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். புரட்டாசியில் தெருவில் ஓடினாள், எதற்கென்று இல்லாமல், சும்மா. சீனியம்மா வாசலில் நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். சந்தோசப்படக்கூடப் பயமாக இருந்தது அவளுக்கு, கண் பட்டுவிடுமே என்று.

தை மாசம் ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. விரிசல் விட்ட ஊதல். வடிதட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அறையில் மகள் இல்லை, அப்பனுக்கு மோர் கொண்டு மில்லுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியில் காத்தாயி மட்டும் சுருண்டு கிடந்தது. அதற்குத்தான் இளைத்தது.

சீனியம்மா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். வெளியில் கேட்டால் என்ன சொல்வார்கள்? பாவம், சீக்கு வந்துவிட்டது, கொண்டுபோய் மலையிலேயே விட்டுவிடு என்பார்கள். விட்டுவிட்டால் மகள் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றிலிருந்து காத்தாயி வீட்டுக்குள் நுழைந்தால் டிவியைச் சத்தமாக வைத்தாள். யாருக்கும் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்து நகர்த்தினாள், கற்பூரவல்லி இலையைக் கசக்கிப் போட்டாள். காத்தாயி நன்றியாகக் கொஞ்சம் எழும்பிப் பார்க்கும், மறுபடியும் படுத்துக்கொள்ளும். மகளின் நெஞ்சிலிருந்து இழுத்தது இளைப்பு, தெருவிலிருந்து இழுத்தது மாவு, இரண்டையும் அது எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அண்டாவுக்குள் ஏது வாசல்?

"அம்மா, காத்தாயிக்கு இளைக்குது" என்றாள் மகள் ஒரு நாள்.

"அது காத்துடி. காத்துன்னா அப்படித்தான் சத்தம் போடும்."

பாண்டீஸ்வரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

பங்குனி வந்தது. ஊரோரத்து இலவ மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்புச் சிவப்பாகப் பூத்தது. கொட்டகையில் பஞ்சவர்ணம்தான் ஆரம்பித்தாள். "காத்தாயி நம்ம ஊருக்கு வந்து வருசம் ஒன்னாச்சு. ஒருக்காவாச்சும் பொறந்த வீட்டுக்கு அனுப்பினமா? இந்த வருசம் மலைக்குப் போகையில கூட்டிட்டுப் போயிருவோம். வெறுங்கையோடவா? சீரு வேணாம்?"

அவ்வளவுதான், ஊருக்குக் கிறுக்குப் பிடித்தது. காற்றுக்கு என்ன சீர் வைப்பது என்று பத்து நாள் பேசினார்கள். வளையல் வேண்டும் என்றார்கள், எந்தக் கையில் போடும் என்று சிரித்தார்கள். ஒருத்தி காற்றாடி செய்தாள், ஒருத்தி சலங்கை கோத்தாள், வெள்ளத்தாய் தன் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து, "எனக்கு எம் புருசன் எடுத்துக் குடுத்தது, கட்டினா பெருத்துத் தெரியுறேன், காத்தாயி கட்டட்டும்" என்று போட்டாள். ஒரு கூடை நிறையக் குழியப்பளம் பொரித்துக் கட்டினார்கள். நீ என்ன வைக்கப் போகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்க, சீனியம்மா எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"இந்த வருசம் வெயில் சாஸ்தியா இருக்கே. ஆவணியில போனா என்ன?"

"ஏத்தா, பொறந்த வீட்டுக்கு அனுப்பாத மாமியா வீடு வெளங்குமா?" என்றாள் வெள்ளத்தாய்.

"போனா திரும்பி வரணும்ல மதினி!"

"வராம எங்க போகும்? உம் மகளை விட்டுட்டு அதுக்கு இருப்புக் கொள்ளுமா?"

"நானும் மலைக்கு வாறேன்" என்றாள் பாண்டீஸ்வரி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மலையை அவள் பிறந்ததிலிருந்தே வாசலில் இருந்து பார்த்தவள், அடிவாரத்துக் கல்லைக்கூட மிதித்ததில்லை. பெண்கள் போட்ட கூச்சலில் சீனியம்மா வேண்டாம் என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். முன்னால் சீர்க்கூடை, நடுவில் பெண்கள், அவர்களைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடி, முந்தானையை இழுத்து, பூவை உதிர்த்து, சலங்கையைக் குலுக்கி காத்தாயி. ஆண்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். "அப்பளத்தைக் காக்கா கொத்தாமப் பாத்துக்கங்க!" என்று பெண்கள் கத்த, "நீங்க காத்தோட போயிராம வந்து சேருங்க!" என்று ஆண்கள் கத்தினார்கள். கரட்டு மண்ணில் ஈச்சம்புதர் தாண்டி, ஓடைக்கல் தாண்டி, மூங்கில் அடர்ந்த வளைவு தாண்டிப் போகப் போக நிழலும் கூடியது, பேச்சும் கூடியது. பஞ்சவர்ணம் பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, "இங்கயே நல்லாத்தானே இருக்கு, சோத்தைப் பிரிப்போமா?" என்றாள். மரங்களில் துளிர் விட்டிருந்தது, வடிகிற தேனின் நிறத்தில். பாண்டீஸ்வரி எல்லோருக்கும் முன்னால் போனாள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களுக்கும் கால் சூடு பிடித்தது. சீனியம்மா மட்டும் பின்னால் வந்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை. காத்தாயியைக் கவனித்துக்கொண்டு வந்தாள். மூங்கில் வளைவுக்கு அப்புறம் அது முன்னால் ஓடவில்லை. சலங்கை குலுங்கவில்லை.

உச்சிக்குக் கீழே செங்குத்தாக ஓர் ஏற்றம், அதற்குப் பெயரே மூச்சுமுட்டி. அதன் அடியில் வந்ததும் காத்தாயி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டது. பெண்களும் நின்றார்கள். மேலே உச்சியில் மற்ற காற்றுகள் இரைவது கடல் மாதிரி கேட்டது. பாறை நிழலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மூடிமறைக்க அங்கே டிவி இல்லை. அந்தச் சத்தத்தை ஊரில் தெரியாதவர்கள் யார்? சுவர் தாண்டி, தெரு தாண்டி இத்தனை வருசம் கேட்டதுதானே? பெண்கள் முதலில் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் பாறையைப் பார்த்தார்கள். அப்புறம் சீனியம்மாவை.

"அம்மா, உனக்குத் தெரியும்ல?" என்றாள் மகள்.

சீனியம்மா பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேல போனாத்தான் அது பொழைக்கும்மா. கீழ இருந்தா செத்துரும்."

"மேல போனா அது திரும்பாதுடி! நீ?" என்றாள் சீனியம்மா. "நீ என்னடி பண்ணுவ?"

வெள்ளத்தாய் வந்து சீனியம்மாவின் தோளில் கையைப் போட்டாள். "திரும்பிக் கூட்டிட்டுப் போயிருவோம் சீனி. சீரு போனாப் போகுது. உம் மக மூச்சு எங்களுக்கும்தான் வேணும். அது எத்தனை நாள் இருக்கோ அத்தனை நாள் இருக்கட்டும்." மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். கூடையைக்கூடத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள்.

இறங்கலாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள் சீனியம்மா. அப்போது பாறை நிழலில் அந்த இழுப்பு பாதியில் அறுந்து நின்றது, மறுபடி ஏறாமல் திணறியது, அவள் கால்கள் அவளைக் கேட்காமலே அங்கே போய்விட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாத உடம்பு அது. மண்டி போட்டு உட்கார்ந்தாள். காற்றுக்கு முதுகு எது என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கை நேராக அங்கே போனது, எங்கே தொட்டால் நடுங்கியதோ அங்கே. மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டாள்.

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல தாயி. பதறாத. மூக்கால கொஞ்சமா இழு. போதும். இப்ப வாயால விடு. விடு, விடு, முழுசா விடு. நாந்தான் இருக்கேன்ல?"

தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது, அழுதுகொண்டே தேய்த்தாள். இழுப்பு கொஞ்சம் சீரானதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "என்ன வேடிக்கை? மதினி, அந்தப் பட்டுச் சேலைய விரிங்க. நாலு முனையையும் பிடிங்க. நடக்க வைக்கக் கூடாது, தூக்கித்தான் போகணும். தலைப்பக்கம் ஒசத்திப் பிடிங்க, படுக்கப் போட்டா மூச்சு அடைக்கும்!"

சீனியம்மா அதிகாரம் பண்ணி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பட்டு விரிந்தது. காத்தாயியை அள்ளி அதில் இட்டார்கள். காற்றுக்கு என்ன கனம் இருக்கப் போகிறது என்று லேசாகப் பிடித்தவர்கள் எல்லாம் முன்னால் குனிந்தார்கள். ஒரு வருசத்து மாவும், பத்தொன்பது வருசத்து இளைப்பும் அதற்குள் இருந்தது. பட்டு போதாமல் ஆளாளுக்கு இடுப்புத் துண்டை அவிழ்த்து அடியில் முட்டுக் கொடுத்தார்கள். மூச்சுமுட்டியில் ஏறினார்கள். "தூக்கு! சீனி மகளைத் தூக்கு!" என்று பஞ்சவர்ணம் எடுத்துக் கொடுக்க, "தூக்கு! சீமைக் காத்தைத் தூக்கு!" என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, கல் சரிந்தது, முழங்கால் சிராய்த்தது, வளையல் உடைந்தது, யாரும் நிற்கவில்லை. பாண்டீஸ்வரி ஒரு முனையைப் பிடித்திருந்தாள். சீனியம்மா பக்கத்திலேயே ஏறினாள், ஒரு கை காத்தாயியின் முதுகில், இன்னொரு கை மகளின் முதுகில், எது யாருடைய மூச்சு என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல்.

உச்சியில் கால் வைத்ததும் ஊதல்மலைக் காற்றுகள் அத்தனையும் வாசலுக்கு ஓடி வந்தன, ரொம்ப நாள் கழித்து வந்த மகளைப் பார்க்க வீடே ஓடி வருகிற மாதிரி. ஒன்று பட்டைப் பிடுங்கியது, ஒன்று கூடையைக் கவிழ்த்தது, ஒன்று காத்தாயியை வாரித் தூக்கி உலுக்கியது. காத்தாயி இருமியது. அது ஓர் இருமலா? மலையே இருமின மாதிரி! வெள்ளை வெளேரென்று உளுந்து மாவு மேகமாகக் கிளம்பி வெயிலை மறைத்தது. மாவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்தது, நீளமாக, நூல் மாதிரி, விரிசல் விட்ட ஊதல் சத்தம். காற்றுகள் அதைப் பறித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தன, ஒன்று கிழக்கே ஒரு துண்டைக் கொண்டுபோனது, ஒன்று மேற்கே ஒரு துண்டைக் கொண்டுபோனது, கடைசியில் மிஞ்சின துணுக்கு பெண்கள் மூக்கில் ஏற, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். அதோடு அது தீர்ந்தது.

தீர்ந்ததும் காத்தாயி எழும்பியது. எவ்வளவு பெரிசு அது! ஒரு வருசம் ஓர் ஊருக்குள் எப்படித்தான் சுருண்டு கிடந்ததோ! குழியப்பளம் அத்தனையும் கூட்டமாக வானத்தில் ஏறி, குழியில் வெயிலை ஏந்திக்கொண்டு சுற்றின. அரக்குப் பட்டு மலைக்கு மேலே ஓர் ஆறு மாதிரி ஓடியது. பஞ்சவர்ணம் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கப்பட்டு, "ஐயோ, எங் கனத்துக்கு இது தாங்குமா!" என்று கத்தி இறங்கினாள், இறங்கினதும், "இன்னொருக்கா!" என்றாள். பெண்கள் கூந்தலை அவிழ்த்து விட்டார்கள், கத்தினார்கள், மாமியாரைத் திட்டினார்கள், புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெள்ளத்தாய் தன் பட்டு போகிற போக்கைப் பார்த்து, "எனக்கு இது இத்தனை அழகா இருந்ததே இல்லடி!" என்று கைதட்டினாள். நடுவில் பாண்டீஸ்வரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள், காத்தாயி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது, முட்டியது, விலகியது, கடைசியில் ஒரு தடவை முட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. அப்புறம் எது காத்தாயி, எது மற்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் இறங்கினார்கள். ஊதல்மலையில் ஓர் இடம் உண்டு, கத்தியால் வெட்டின மாதிரி காற்று அங்கே நின்றுவிடும். ஒரு எட்டு மேலே வைத்தால் முந்தானை பறக்கும், ஒரு எட்டு கீழே வைத்தால் தொங்கும். அதற்குக் கீழே எல்லாம் அண்டாதான். அந்த இடத்துக்கு வந்ததும் பெண்களின் பேச்சு அடங்கியது. யாரும் முதலில் இறங்கவில்லை. இந்த ஒரு வருசமாக மகளைச் சுற்றிக் காத்தாயியின் சரசரப்பு இருந்தது, அவள் மூச்சு எது என்று தனியாகக் கேட்டதே இல்லை. இனி அது மட்டும்தான் கேட்கும். சீனியம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

பாண்டீஸ்வரி கையை விடுவித்துக்கொண்டு ஒரு எட்டு கீழே வைத்தாள். பாவாடை தொங்கியது. தலைமயிர் படிந்தது. நின்றாள்.

சீனியம்மா காதைக் கொடுத்தாள். பெண்கள் வளையலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"பாண்டி! மூச்சு விடுறியாடி?"

"விடுறேம்மா."

"சத்தமே கேக்கலயே?"

"அதுதாம்மா மூச்சு."

சீனியம்மா இறங்கி வந்து மகளின் முதுகில் காதை வைத்தாள். எங்கேயோ தூரத்தில் இருதயம் ஓடியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, காலியான நல்ல வீடு மாதிரி அமைதி. "இன்னொருக்க விடு" என்றாள். மகள் விட்டாள். "இன்னொருக்க." மகள் விட்டாள். "இன்னும் ஒரே ஒருக்க" என்றபோது பஞ்சவர்ணத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, "ஏ சீனி, புள்ளை மூச்சை இன்னைக்கே தீத்துருவ போலருக்கே, விடுடி!" என்றாள். எல்லோரும் ஒரே குரலாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாண்டீஸ்வரி நழுவி ஓடினாள், மூங்கில் வளைவுப் பக்கம், கல்லுக்குக் கல் தாவி.

சீனியம்மா கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை. புதர் அசையவில்லை, அசைக்க அங்கே காற்று இல்லை. பிறந்ததிலிருந்து மகள் எந்த அறையில், எந்தத் தெருவில், எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் அவள், அந்தச் சத்தமோ, இந்த ஒரு வருசம் காத்தாயியின் சரசரப்போ சொல்லிவிடும். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், மகள் எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பக்கமா? இந்தப் பக்கமா? தெரியவே இல்லை! தனக்கு வந்தது பயம்தானா என்று பார்ப்பதற்குள் வாயை மீறிக்கொண்டு வந்துவிட்டது, உச்சியில் எல்லோரும் கத்தினபோது அவள் கத்தாமல் வைத்திருந்த கத்தல்.

"பாண்டீ! எங்கடி இருக்க?"

மலை அதை வாங்கித் திருப்பிக் கத்தியது. ரொம்பக் கீழே, அவள் நினைத்தே பார்க்காத ஒரு தூரத்திலிருந்து, முழு மூச்சில் பதில் வந்தது.

"இங்க!"